எட்டாவது பிள்ளையின் சம்மதம்

வேளாங்கண்ணி பாதி பிளேடால் ஒரு பள்ளிக்கூடப் பாவாடையின் அடிமடிப்பைப் பிரித்துக்கொண்டிருந்தாள். போன வருடம் உள்ளே மடித்துத் தைத்த துணியை இந்த வருடம் இறக்கிவிட வேண்டும். நூலை அறுத்தாள், ஊதினாள், பழைய மடிப்பு தெரியாமல் இருக்க ஈரத்துணியால் தேய்த்தாள், அடுத்ததை எடுத்தாள். பெரிய மார்க்கெட்டை ஒட்டிய சந்தில் ஒரு மாடிப்படிக்கு அடியில் அவள் கடை. மெஷினும் அவளும் போக ஒரு முக்காலிக்குத்தான் இடம். புதுத்துணி தைப்பதில்லை. பெரியதைச் சிறியதாக்குவதும் சிறியதைப் பெரியதாக்குவதும்தான் வேலை.

நான் எட்டிப் பார்த்ததும், "வாங்க சிஸ்டர். முக்காலில உக்காராதீங்க, ஊசி கெடக்கு" என்றாள்.

நின்றபடியே சொன்னேன். "நாளைக்குக் காலையில சாப்பிட்டுட்டுக் கெளம்பு. ரத்தமெல்லாம் எடுக்கமாட்டாங்க. வெறும் பேச்சுதான்."

"பேசறதுக்கு இன்னா இருக்கு சிஸ்டர்? அதான் எல்லாம் பேசிட்டாங்களே."

மறுநாள் அவள் மருத்துவமனையில் ஒரு குழுவின் முன் உட்கார்ந்து, தன் சிறுநீரகங்களில் ஒன்றைத் தம்பி ஜோசப் ஆனந்துக்குக் கொடுக்கச் சம்மதம் என்று சொல்ல வேண்டும். கொடுப்பவரைத் தனியாக வைத்துத்தான் கேட்பார்கள். சொந்தக்காரர் யாரும் அறைக்குள் இருக்கக் கூடாது. பயந்துபோய்க் கொடுக்கிறவர்களும், வீட்டார் மிரட்டிக் கொடுக்கிறவர்களும் உண்டு என்பதால் அப்படி ஒரு ஏற்பாடு.

நான் வாழ்நாள் முழுக்க நர்ஸாக நோயாளிகளைப் பார்த்துக்கொண்டவள். வேலையை விட்ட பிறகும் கருவடிக்குப்பத்தில் எங்கள் தெருக்காரர்கள் விடுவதில்லை. காயத்துக்குக் கட்டுப் போட, ஊசி போட, படுத்தவரைத் திருப்பிப் போட என்று கூப்பிடுவார்கள். டயாலிசிஸுக்கு ஊசி குத்தும் ஆனந்தின் கையை நான்தான் பார்த்துக்கொண்டேன். அதனால்தான் இந்தக் குடும்பத்தின் விஷயம் எனக்குத் தெரியும்.

அவர்கள் ஒன்பது பிள்ளைகள். மூத்தவர் பிரான்சுவா. வேளாங்கண்ணி எட்டாவது, ஆனந்த் கடைசி. வேளாங்கண்ணி பிறந்தபோது பிரான்சுவா வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். நகராட்சியில் வேலை, அவர் வாயில் இன்றைக்கும் அது பிரெஞ்சுக்காரர் காலத்து 'மேரி'தான். அடுத்த வருடம் அவருக்கே ஒரு மகன் பிறந்தான். அம்மாவுக்கும் மருமகளுக்கும் ஒரே வீட்டில் அடுத்தடுத்துப் பிரசவம். அத்தையும் அண்ணன் மகனும் ஒரே வகுப்பில் படித்தார்கள். அவன் அவளை ஒருநாளும் அத்தை என்று கூப்பிட்டதில்லை. பாப்பா என்றுதான் கூப்பிடுவான். வீட்டில் எல்லோருக்கும் அவள் பாப்பா. ஐம்பத்தேழு வயதிலும் பாப்பா. அந்த வீட்டில் அவளை அக்கா என்று கூப்பிட்ட ஒரே ஆள் ஆனந்த்.

பெரிய குடும்பத்தில் கடைசியாகப் பிறப்பவர்களுக்குச் செல்லம் அதிகம் என்று சொல்வார்கள். எட்டுப் பேரைப் பெற்ற பிறகு யாருக்குச் செல்லம் கொடுக்கத் தெம்பு இருக்கும்? வேளாங்கண்ணிக்குக் கிடைத்தது வேலைதான். "பாப்பா, தண்ணி." "பாப்பா, அண்ணன் செருப்ப எடுத்து உள்ள வை." "பாப்பா, தம்பி அழுவுறான் பாரு." உட்கார்ந்தால் யாராவது எழுப்புவார்கள் என்று பழகிப்போன உடம்பு. இன்றுவரை அவள் நின்றுகொண்டுதான் சாப்பிடுகிறாள். தட்டை ஒரு கையில் வைத்துக்கொண்டு, வாசலைப் பார்த்தபடி.

கோயிலில் முதன்முதலாக நற்கருணை வாங்கும் புதுநன்மை நாளில் அவள் போட்ட வெள்ளை கவுன் நான்கு அக்காக்கள் போட்டு முடித்தது. ஒருத்திக்கு அகலமாக்கி, இன்னொருத்திக்குக் குறுக்கி, கை வைத்து, கையை எடுத்து, கடைசியில் அவளிடம் வந்தபோது துணியைவிட நூல் அதிகமாக இருந்தது. அன்று எடுத்த படத்தில் அந்தக் கவுன் நன்றாகத்தான் இருக்கிறது. அவள்தான் கொஞ்சம் சாய்ந்து நிற்கிறாள், இடுப்பில் ஆனந்த்.

அப்பா சீக்கிரம் போய்விட்டார். அதற்குப் பிறகு அப்பா என்றால் பெரியண்ணன்தான். அவரைக் குறை சொல்வதற்கில்லை. எட்டுப் பேரையும் கரையேற்றினார். ஆனால் எல்லாவற்றையும் அவரே முடிவு செய்தார். பாப்பா எதுவரை படிப்பது, எங்கே தையல் கற்பது, யாரைக் கட்டுவது. பார்த்த மாப்பிள்ளை நல்லவன்தான், சில வருடத்தில் நெஞ்சுவலியில் போய்விட்டான். பிள்ளை இல்லை. அவள் திரும்பி வந்து அண்ணன் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளிக் குடியிருப்பதும் அவர் முடிவுதான்.

ஆனந்த் அண்ணன் வீட்டு மாடியில் இருக்கிறான். அவனுக்குச் சர்க்கரை, இரத்தக்கொதிப்பு, பிறகு சிறுநீரகம். வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். டயாலிசிஸ் இல்லாத நாளிலும் கால் சும்மா இருக்காது. படுத்தால் கால் துடிக்கும், எழுந்து நடப்பான், மறுபடியும் படுப்பான். மாற்றுச் சிறுநீரகம்தான் வழி என்று டாக்டர் சொன்னதும் குடும்பம் கூடியது. அவன் மனைவி சரிதாவின் இரத்த வகை ஒத்துவரவில்லை. மகளிடம் வாங்க மாட்டேன் என்று அவனே சொல்லிவிட்டான். வேளாங்கண்ணிக்கு மூத்த ஏழு பேரில் இருவர் இப்போது உயிரோடு இல்லை. மற்றவர்களுக்கு வயது, சர்க்கரை, இதயம். மிஞ்சியது வேளாங்கண்ணிதான்.

"பாப்பா இருக்காளே" என்றார் பிரான்சுவா. எல்லோரும் சரி என்றார்கள். அப்போது பாப்பா அடுக்களையில் காப்பி கலந்துகொண்டிருந்தாள்.

பரிசோதனைகள் ஒவ்வொன்றாக நடந்தன. எல்லாம் ஒத்துப்போயின. அவளும் சொன்ன இடத்துக்குப் போனாள், சொன்ன பக்கம் திரும்பிப் படுத்தாள். ஆனால் எனக்குப் பழக்கம் உண்டு, ஆளின் முகத்தைவிடக் கையைப் பார்ப்பேன். அவள் கை சும்மா இருக்கவில்லை. ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்தால் பக்கத்தில் இருப்பவரின் புடவை முந்தானையில் பிரிந்த நூலை இழுத்து முடிச்சுப் போடுவாள். கேட்டால், "சும்மா இருக்க முடியல சிஸ்டர்" என்பாள்.

கடையில் நான் பேசியதற்கு மறுநாள் குழுவின் முன் போனாள். அண்ணனும் நானும் வெளியே உட்கார்ந்திருந்தோம். அவள் அரைமணி நேரத்தில் திரும்பி வந்தாள். பின்னால் வந்த, குழுவைச் சேர்ந்த அம்மா ஒருவர், "இன்னும் கொஞ்சம் யோசிக்கட்டும். அடுத்த வியாழக்கிழமை வரச் சொல்லியிருக்கு" என்றார். பிரான்சுவாவுக்கு முகம் கறுத்துவிட்டது.

உள்ளே நடந்ததை அவளே பிறகு என்னிடம் சொன்னாள். பேர், வயது எல்லாம் கேட்டிருக்கிறார்கள். அறுவை சிகிச்சையில் என்ன செய்வார்கள் என்று கேட்டிருக்கிறார்கள், சரியாகச் சொல்லியிருக்கிறாள். பிறகு ஒரு லேடி டாக்டர், "இது உங்க சொந்த முடிவாம்மா?" என்று கேட்டிருக்கிறார்.

"பெரியண்ணன் சொல்லிட்டாருங்க" என்றாளாம் இவள்.

"அவர் சொன்னது இருக்கட்டும். நீங்க என்ன சொல்றீங்க?"

இவள் யோசித்திருக்கிறாள். யோசித்துவிட்டு, "அண்ணன் வெளியதான் இருக்காரு. கேட்டுட்டு வந்து சொல்லட்டுமா?" என்றாளாம்.

அவள் அதை மரியாதையாக நினைத்துத்தான் சொன்னாள். மூத்தவர் வாசலில் இருக்கும்போது நாமே பதில் சொன்னால் நன்றாக இருக்காது. அந்த வீட்டில் வளர்ந்த யாரும் அப்படித்தான் சொல்வார்கள். குழுவின் காதில் அது வேறு மாதிரி விழுந்தது. அவர்கள் வேலை அது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து பிரான்சுவா வீட்டில் கூடினார்கள். ஆனந்தின் கையைப் பார்க்க வந்த என்னையும் உட்கார வைத்துவிட்டார்கள். மூன்றாவது அக்கா ரோசாலி முதலில் ஆரம்பித்தாள்.

"ஆமான்னு ஒரு வார்த்த. வாயில இன்னா கொழுக்கட்டையா வெச்சிருந்த?"

"கேட்டுட்டு வரேன்னுதான்க்கா சொன்னேன்."

"ஸ்கூல்லயும் இப்பிடித்தான். மிஸ்ஸு கேள்வி கேட்டா ஜன்னல் வழியா எங்க கிளாஸப் பாப்பா. பாப்பான்னு பேரு சும்மாவா வந்துச்சு?"

எல்லோரும் சிரித்தார்கள். வேளாங்கண்ணியும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே காலி டம்ளர்களைப் பொறுக்கினாள்.

"டம்ளர வை" என்றார் பிரான்சுவா. "இங்க வந்து உக்காரு. இப்ப நான்தான் டாக்டரு. சொல்லு, உம் பேரு இன்னா?"

"வேளாங்கண்ணி."

"யாருக்குக் குடுக்கற?"

"தம்பிக்கு."

"யாராவது உன்ன வற்புறுத்தினாங்களா?"

"இல்ல."

"இது யாரு முடிவு?"

"என் முடிவு."

"சத்தமா சொல்லு."

"என் முடிவுண்ணா."

"அண்ணான்னு சொல்லாதடி! டாக்டரப் போயி அண்ணான்னுவியா?"

"நீங்க கேட்டா வேற எப்பிடிண்ணா சொல்றது?"

மறுபடியும் சிரிப்பு. பிரான்சுவா சிரிக்கவில்லை. மீண்டும் முதலிலிருந்து கேட்டார். ஒவ்வொரு தடவையும் கடைசிக் கேள்வியில் அவள் கண் அவர் முகத்துக்குப் போய் நின்றது. சரியாகச் சொன்னோமா என்று பார்க்கிற பார்வை. ஆனந்த் ஓரத்தில் நாற்காலியில் இருந்தான். கால் துடித்துக்கொண்டே இருந்தது. கொஞ்ச நேரத்தில் எழுந்து மாடி ஏறிப் போய்விட்டான்.

அன்று சாயந்திரம் மீன் வாங்கப் போகலாமா என்று வேளாங்கண்ணி கேட்டாள். வைத்திக்குப்பம் கடற்கரையில் அந்த நேரத்தில் என்ன மீன் இருக்கும்? இருந்தாலும் போனேன். அவள் படகுகளுக்கு நடுவில் முன்னால் போனாள், திரும்பி வந்தாள், மறுபடியும் போனாள். எனக்கு முட்டி வலி. ஒரு படகின் விளிம்பில் உட்கார்ந்துகொண்டேன்.

"சிஸ்டர், ஒண்ணு சொன்னா யாருகிட்டயும் சொல்லக் கூடாது."

"சொல்லு."

"அந்த டாக்டரம்மா கேட்டதுலேருந்து எனக்கு வேணாம்னு சொல்லணும்போல இருக்கு."

"பயமா?"

"பயம் இருக்குது. அது அப்பவே இருந்துச்சு. இது அது இல்ல." சேலைத் தலைப்பை எடுத்து இடுப்பில் செருகினாள், உருவினாள், திரும்பச் செருகினாள். "என்ன இதுவரைக்கும் ஒருத்தரும் கேட்டதே இல்ல சிஸ்டர். இப்ப கேட்டாங்க. கேட்டா ஆமான்னு மட்டுந்தான் சொல்லணுமாம். அப்ப எதுக்குக் கேக்கணும்? ஒரே ஒரு தடவ வேணாம்னு சொல்லிப் பாக்கணும்னு இருக்கு. சொன்னா அவன் செத்துப்போவான். ஆமான்னு சொன்னா, நான் சொன்னேனா அண்ணன் சொன்னாரான்னு எனக்கே தெரியாது."

இது போன்ற நேரத்தில் என்னைப் போன்றவர்கள் செய்யக்கூடாத ஒன்று உண்டு. முடிவைச் சொல்லிக்கொடுக்கக் கூடாது. தெரிந்ததை மட்டும் சொன்னேன். "வேணாம்னா உடனே சாகமாட்டான். டயாலிசிஸ்ல வருஷக்கணக்கா இருக்கறவங்க இருக்காங்க. ஆனா கஷ்டம். குடுத்தா உனக்கு வலி இருக்கும், ரெண்டு மூணு மாசம் பாரம் தூக்கக் கூடாது, மெஷின் மிதிக்கக் கூடாது. ஒத்தக் கிட்னியோட நல்லா இருக்கலாம், ஆனா வருஷா வருஷம் போயிக் காட்டணும். ஆபரேஷன்னா ஆபத்து கொஞ்சமாவது உண்டு. அதுவும் இருக்கு. அவ்வளவுதான்."

"அவ்வளவுதானா?"

"வேணாம்னு சொன்னா ஆஸ்பத்திரியில காரணத்த வீட்டுக்குச் சொல்லமாட்டாங்க. ஒத்துவரலன்னுதான் சொல்வாங்க."

அவள் நடையை நிறுத்தினாள். இது அவளுக்குத் தெரியாது. பிறகு முன்பைவிட வேகமாக நடந்தாள். மீன் வாங்கவில்லை.

அடுத்த நாட்களில் அவளைக் கண்ணால் பார்க்கவே பயமாக இருந்தது. கடையில் கொடுத்த துணியை முடித்துவிட்டுக் கொடுக்காத துணியையும் பிரித்தாள். பக்கத்துப் பாத்திரக்கடைக்காரரின் திரைச்சீலையைக் கழற்றி மடித்துத் தைத்தாள், அவர் கேட்கவே இல்லை. அண்ணன் போன் செய்தால் எடுத்தாள், "சரிண்ணா, சொல்லிடறேண்ணா" என்றாள். என்ன சொல்லுவாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

புதன்கிழமை சாயந்திரம் நான் மாடியில் ஆனந்தின் கையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஊசி குத்தும் இடத்தில் இரத்தம் ஓடும் அதிர்வு இருக்கிறதா என்று தினம் பார்க்க வேண்டும். வேளாங்கண்ணி படியேறி வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"டேய், ஒண்ணு கேக்கறேன். நீ என்னக் கேட்டியா?"

"இன்னாக்கா?"

"கிட்னி. நீ என்கிட்ட எப்பயாவது கேட்டியா?"

ஆனந்த் என்னைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். "அதான் பெரியண்ணன் பேசிட்டாரேக்கா" என்றான்.

அவள் அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு சிரித்துவிட்டாள். வாயைப் பொத்திக்கொண்டு, சுவரில் சாய்ந்து சிரித்தாள். அவனுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் அவனும் சிரித்தான். சிரித்தால் அவனுக்கு மூச்சு வாங்கும், நான் அதட்ட வேண்டியிருந்தது.

"நானும் அங்க போயி இதையேதான்டா சொன்னேன்."

"தெரியும்க்கா."

"நீ ஏன் கேக்கல?"

அவன் சிரிப்பு நின்றது. "எப்பிடிக் கேக்கறது? உன்னோடத ஒண்ணு அறுத்துக் குடுன்னு எப்பிடிக்கா கேக்கறது? அண்ணன் முடிச்சிட்டாருன்னதும் எனக்கு நிம்மதியா இருந்துச்சு, நான் கேக்க வேண்டியதில்லன்னு. அன்னிக்குக் கீழ உன்ன ஒக்கார வெச்சு ஒப்பிக்கச் சொன்னாங்க பாரு, அப்பதான் ஒரு மாதிரி ஆயிடுச்சு. நீ வாணாம்னா வாணாம்க்கா."

"வாணாம்னு நான் எங்கடா சொன்னேன்? கேளுன்னுதான் சொல்றேன்."

"இப்பவா?"

"பின்ன? பெரியண்ணன வரச் சொல்லட்டுமா, உனக்குப் பதிலா கேக்கறதுக்கு?"

அவன் எழுந்து நின்றான். தண்ணீர் வேண்டும் என்று கையைக் காட்டினான். ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று டாக்டர் அளந்து கொடுத்த தண்ணீர்க் கணக்கு அன்றைக்கு முடிந்திருந்தது. ஒரு ஐஸ்துண்டு கொடுத்தேன். வாயில் அதை ஒதுக்கிக்கொண்டு கேட்டான்.

"அக்கா, எனக்கு உன் கிட்னி ஒண்ணு குடுக்கறியா?"

இத்தனை மாதத்தில் அந்த வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லாத வாக்கியம் அது. நான் அவள் உடனே ஆமாம் என்பாள் என்று நினைத்தேன்.

"யோசிச்சு சொல்றேன்" என்றாள்.

"சரிக்கா" என்றான் அவன்.

அவள் இறங்கிப் போனாள். கீழே பிரான்சுவா ஏதோ கேட்டதும், அவள் கேட்டைச் சாத்தியதும் எங்களுக்குக் கேட்டது. ஆனந்த் என்னைப் பார்த்து, "யோசிக்கட்டும் சிஸ்டர். இதுவரைக்கும் யோசிக்க உட்டதே இல்ல" என்றான். ஆனால் அவன் கை குளிர்ந்திருந்தது.

மறுநாள் காலை வேளாங்கண்ணி முதலில் மாடிக்குப் போயிருக்கிறாள். ஆனந்த் அப்போதுதான் குளித்து முடித்திருந்தானாம். சட்டைப் பொத்தான் போடும்போது, "யோசிச்சிட்டேன்டா. குடுக்கறேன்" என்றாளாம். அவன் நெசமா என்று கேட்டிருக்கிறான். "நீ கேட்ட, நான் சொன்னேன். அவ்வளவுதான், திரும்பத் திரும்பக் கேக்காத" என்று சொல்லிவிட்டு இறங்கிவிட்டாள். சரிதா அழுதுகொண்டே எனக்குப் போன் செய்து சொன்னாள்.

நான் பஸ் நிறுத்தத்துக்குப் போனபோது வேளாங்கண்ணி அங்கே நின்றிருந்தாள். பிரான்சுவா ஒரு ஆட்டோவை நிறுத்தி வைத்துக்கொண்டு, தடியை ஊன்றி அவள் எதிரில் நின்றிருந்தார்.

"ஏறு. நேரமாவுது."

"நான் பஸ்ல போறேண்ணா."

"சரி, நானும் பஸ்ல வரேன்."

"வாணாம்ணா. நீங்க வெளிய உக்காந்திருந்தா நான் மறுபடியும் கதவத்தான் பாப்பேன்."

பிரான்சுவாவுக்கு எண்பதுக்குப் பக்கம் வயது. அந்த வீட்டில் யாரும் அவரை வர வேண்டாம் என்று சொல்லி நான் கேட்டதில்லை. கோபப்படுவார் என்று நினைத்தேன். தடியை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார்.

"ஆமான்னுதான சொல்லப்போற?"

"அவங்க கேப்பாங்கல்ல, அப்ப சொல்றேன்."

பஸ் வந்தது. நான் ஏறக் கால் வைத்தேன். "நீங்களும் வாணாம் சிஸ்டர்" என்றாள். அது எனக்கும் கொஞ்சம் சுருக்கென்றுதான் இருந்தது, ஆனால் சரியான பேச்சு. காலைக் கீழே வைத்தேன். அவள் ஏறிப் போய் ஜன்னலோரத்தில் உட்கார்ந்தாள்.

பஸ் போன பிறகும் பிரான்சுவா அங்கேயே நின்றார். ஆட்டோக்காரர் ஹாரன் அடித்தார்.

"எப்ப திரும்பி வருவா?" என்று என்னைக் கேட்டார்.

"முடிஞ்சதும்."

"முடிஞ்சதும் போன் பண்ணுவாளா?"

"தெரியல. ஆனந்துக்குப் பண்ணுவா."

அவர் தலையை ஆட்டினார். ஆட்டோவில் அவரை ஏற்றி வீட்டில் விட்டேன். மாடியில் ஆனந்தின் அறைக்குப் போக வேண்டும் என்றார். தடியை ஊன்றிக்கொண்டு மாடிப்படி ஏன் ஏற வேண்டும் என்று கேட்டேன். "போன் வந்தா அவன் சொல்வான்ல" என்றார். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக ஏறினார். நான் பின்னால் நின்று அவர் இடுப்பைத் தாங்கினேன்.